வலியறிதல்

தமிழில் 'வலி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பழைய இலக்கியங்களில் அது பெரும்பாலும் ஆற்றலைக் குறிக்கும். இன்றைய வழக்கில் நோவைக் குறிக்கும். தலைவலி, பல்வலி என்று சொல்லும் அதே நாவுதான் வலியவன், வலிமை என்றும் சொல்லுகின்றது. திருக்குறளின் பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் 'வலியறிதல்' என்னும் பெயருடையது. அங்கே வலி என்பது ஆற்றலே. ஒரு செயலில் இறங்குமுன் ஆற்றலை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அதனை அடுத்து நிற்பது 'காலமறிதல்' என்னும் அதிகாரம். ஆற்றலை அறிந்தால் மட்டும் போதாது, காலத்தையும் அறிதல் வேண்டும் என்பதை அவ்வரிசையே உணர்த்துகின்றது.

விளையாட்டரங்கில் இச்சொல்லின் இரு பொருளும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. ஆற்றல் மிக்க ஓர் இளைஞன் அடிக்கடி அடிபடுகின்றான். அவனைக் குழுவில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று அக்குழுவின் மீது பற்றுக்கொண்ட மக்கள் வாதிடத் தொடங்குகின்றனர். அவனது ஆற்றலை அவர்கள் அனைவரும் கண்ணாரக் கண்டவர்கள். அவனது நோவைக் கண்டவர் எத்தனை பேர்? இக்கேள்வியை எழுப்பும் வழக்கு ஒன்று வட அமெரிக்க ஹாக்கி வரலாற்றில் உண்டு. எரிக் லின்ட்ரோஸ் என்னும் ஆட்டக்காரரைப் பற்றி அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மக்கள் பல்லாண்டுக் காலம் நடத்திய வாதமே அது.

மலேசியாவில் ஹாக்கி என்றதும் திடலில் ஆடும் ஆட்டமே நினைவுக்கு வரும். 1975ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பெற்றதை மூத்தோர் இன்றும் பெருமையோடு பேசுவர். கனடா நாட்டிலோ அதே சொல் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கும். அங்கே ஆடுகளம் உறைந்த பனிக்கட்டி. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடைய அத்தளத்தைச் சுற்றிலும் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டிருக்கும். பக்கத்துக்கு அறுவர், காலணியில் பொருத்திய எஃகு அலகுகளின் மேல் சறுக்கிக்கொண்டே கெட்டி ரப்பராலான ஒரு வட்டைக் கோலால் துரத்துவர். பந்துக்குப் பதில் வட்டு என்பது மட்டும் வேறுபாடு அன்று. வட்டை வைத்திருப்பவரைத் தோளாலும் இடுப்பாலும் மோதி வீழ்த்துவதை அவ்வாட்டத்தின் விதிகளே ஒப்புக்கொள்கின்றன. காளை போல் பாய்ந்துவரும் இருவர் நேருக்கு நேர் மோதும் காட்சியைக் காண்பதற்கென்றே கூடுவோரும் உண்டு.

இத்தகைய ஆட்டத்துக்கென்றே பிறந்தவர் என்று சிறுவயதிலேயே பேசப்பட்டவர் எரிக் லின்ட்ரோஸ். 1973ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரில் பிறந்தார். ஆறடி நான்கு அங்குல உயரம். அதற்கேற்ற பருத்த உடல். பெரிய உடலுடையவர்க்கு விரைவு வாய்ப்பதில்லை, விரைவுடையவர்க்கு உடல் வாய்ப்பதில்லை என்று பயிற்சியாளர்கள் குறைபட்டுக்கொள்வது வழக்கம். லின்ட்ரோஸுக்கு இரண்டும் வாய்த்திருந்தன. வட்டைக் கையாளும் நுட்பமும் சேர்ந்திருந்தது. 18 வயதில், தொழில்முறை ஆட்டம் எதனையும் தொடங்கும் முன்னரே, 1991ஆம் ஆண்டின் கனடா கிண்ணப் போட்டியில் முதிர்ந்த ஆட்டக்காரர்களோடு சேர்ந்து கனடாவுக்காக ஆடினார்.

அவ்வாண்டு தேசிய ஹாக்கி லீக்கில் கியூபெக் நகரின் குழு அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அக்குழுவில் ஆட அவர் மறுத்துவிட்டார். ஓராண்டு இழுபறிக்குப் பின் 1992ஆம் ஆண்டு கியூபெக் அவரைப் பிறிதொரு குழுவுக்குக் கொடுக்க முன்வந்தபோது, பிலடெல்பியா பிளையர்ஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஆகிய இரு குழுக்களும் அவர் எங்களுக்கே உரியவர் என்று உரிமை கோரின. நடுவர் ஒருவர் வழக்கைக் கேட்டுப் பிலடெல்பியாவுக்கே தீர்ப்பளித்தார். அந்நகரம் கொடுத்த விலை சிறிதன்று. ஆறு ஆட்டக்காரர்கள், புதிய ஆட்டக்காரர்களை முதற் சுற்றில் தேர்ந்துகொள்ளும் உரிமைகள் இரண்டு, ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் ஆகியவை ஓர் இளைஞருக்காகக் கைமாறின. கொடுக்கப்பட்ட அறுவரில் பீட்டர் போர்ஸ்பெர்க் என்னும் ஸ்வீடன் நாட்டு இளைஞரும் ஒருவர்.

பின்னாளில் எழுந்த வாதத்தின் வேர் இவ்விலையில்தான் இருக்கின்றது. விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி மனிதர் பேசும் முறை ஒன்று. உடன்வாழும் ஒருவரைப் பற்றிப் பேசும் முறை வேறு. வாங்கிய மாடு உழவில்லை என்றால் உழவன் சந்தையை நினைப்பான். பிலடெல்பியா மக்கள் கொடிய மனத்தினர் அல்லர். தங்கள் குழுவை உயிராக நேசித்தவர்கள். ஆயினும் அவ்விளைஞர் நகருக்குள் காலெடுத்து வைக்கும் முன்னரே அவரது கணக்கேடு திறக்கப்பட்டுவிட்டது. அவர் போட்ட ஒவ்வொரு கோலும் வரவுப் பக்கத்திலும், அவர் ஆடாத ஒவ்வொரு நாளும் செலவுப் பக்கத்திலும் எழுதப்படலாயின.

தொடக்கத்தில் வரவே மிகுந்திருந்தது. 1994ஆம் ஆண்டில் 21 வயதிலேயே அவர் குழுத் தலைவரானார். 1995ஆம் ஆண்டில் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹார்ட் விருதைப் பெற்றார். ஜான் லெக்லேர், மிக்கேல் ரென்பெர்க் ஆகிய இருவரோடு அவர் இணைந்து முன்னேறி வரும்போது எதிர்க்குழுக்கள் நடுங்கின. 1997ஆம் ஆண்டில் பிளையர்ஸ் குழு ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றை எட்டியது. அங்கே டெட்ராய்ட் குழுவிடம் நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து தோற்றது. இதற்கிடையில் கியூபெக் குழு 1995ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்துக்கு இடம் பெயர்ந்து, மறு ஆண்டே போர்ஸ்பெர்க்கின் துணையோடு ஸ்டான்லி கிண்ணத்தை வென்றிருந்தது. கொடுத்த விலை பிலடெல்பியா மக்களின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அதன் பின்னர்த்தான் அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1998 மார்ச் மாதம் பிட்ஸ்பர்க் குழுவோடு ஆடியபோது மோதுண்டு மூளையதிர்ச்சிக்கு ஆளானார். 18 ஆட்டங்களை இழந்தார். 1999 ஏப்ரல் முதல் நாள் நாஷ்வில் நகரில் ஆடிய ஆட்டத்தில் மார்பில் அடிபட்டார். அன்றிரவு நுரையீரல் சுருங்கி, உள்ளே இரத்தம் பெருகியது. அறையில் உடன் தங்கியிருந்த ஆட்டக்காரர் அவரது நிலையைக் கண்டு உதவியிராவிட்டால் உயிருக்கே கேடு விளைந்திருக்கும் என்று பேசப்பட்டது. அடுத்த பருவத்தில் மீண்டும் மீண்டும் மூளையதிர்ச்சிகள். 2000 மார்ச் மாதம், தமக்கு ஏற்பட்ட மூளையதிர்ச்சியைக் குழுவின் உடல்நலப் பணியாளர் கண்டறியத் தவறினர் என்று லின்ட்ரோஸ் வெளிப்படையாகக் குறை கூறினார். அம்மாதமே அவரது தலைமைப் பொறுப்பு பறிக்கப்பட்டது.

அந்நாளில் நகரம் மூன்று அணியாகப் பிரிந்தது எனலாம். அங்கே விளையாட்டைப் பற்றி மட்டுமே பேசும் வானொலி நிலையம் ஒன்று உண்டு. வேலை முடிந்து வீடு திரும்புவோர் அதனைத் தொலைபேசியில் அழைத்துத் தம் மனத்தைத் திறந்து கொட்டுவர். வானொலியில் நடந்த வாதம் மதுக்கடையிலும், உணவு மேசையிலும், நாளிதழ்ப் பக்கங்களிலும் தொடர்ந்தது.

முதல் அணியினர், அவரை அனுப்பிவிடுக என்றனர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஓர் ஆட்டத்துக்கு 20 பேர் உடையணிந்து அணியமாகின்றனர். ஒருவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் மற்றப் பத்தொன்பது பேரை வைத்துத் திட்டம் வகுப்பது எங்ஙனம்? ஒருவரை நம்பியே கட்டிய வீடு அவர் சாய்ந்தால் சாயும் அன்றோ? இரண்டாம் அணியினர், அவரை வைத்துக்கொள்க என்றனர். இத்தகைய ஆற்றல் தலைமுறைக்கு ஒருமுறைதான் தோன்றும். பொறுத்திருந்தால் நலம் பெறுவார். அவசரப்பட்டு அனுப்பிவிட்டு அவர் வேறு நகரில் கிண்ணத்தைத் தூக்கினால் அந்த வருத்தம் எக்காலத்தும் ஆறாது என்பது அவர்கள் வாதம்.

மூன்றாம் அணியினர்தாம் கடுமையானவர்கள். அவருக்கு நெஞ்சுரம் இல்லை என்றனர். பெற்றோரின் பேச்சைக் கேட்டு நடக்கும் செல்லப்பிள்ளை என்றனர். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு தலைவலி என்று உட்காருவதா என்றனர். பிலடெல்பியாவின் பழம்பெருமை இவ்வாதத்துக்கு வலுவூட்டியது. 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற பிளையர்ஸ் குழு, அடிக்கு அஞ்சாத முரட்டுத்தனத்தால் பெயர் பெற்றது. அக்குழுவின் தலைவராய் விளங்கிய பாபி கிளார்க்கே இப்போது பொது மேலாளர்.

கிளார்க்கின் கதை இங்கே நினைக்கத் தக்கது. அவர் இளமையிலேயே நீரிழிவு நோய்க்கு ஆளானவர். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் இவ்வளவு கடினமான ஆட்டத்தைத் தாங்குவாரா என்று ஐயுற்று, 1969ஆம் ஆண்டில் பல குழுக்கள் அவரை ஒதுக்கின. பிலடெல்பியா அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் அந்நகருக்கு இரு கிண்ணங்களைத் தேடித் தந்தார். நோயுள்ள உடம்பு என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் அவ்வொதுக்கலைப் பொய்யாக்கினார் என்பது எவரும் போற்றத் தக்க வரலாறு. அவரது வரலாற்றிலிருந்து மக்கள் இரு பாடங்களில் ஒன்றைக் கற்றிருக்கலாம். ஒருவரின் உடம்பைப் பற்றிப் பிறர் செய்யும் முடிவு பிழைபடக்கூடும் என்பது ஒரு பாடம். எந்நோயையும் மனவுறுதியால் வெல்லலாம் என்பது மற்றொன்று. பலர் இரண்டாவதையே கற்றனர். நீரிழிவு அளந்து அறியத் தக்கது. அதற்கு மருந்தும் உண்டு. அடிபட்ட மூளைக்கோ ஓய்வும் காலமும் பொறுமையுமே பெரும்பாலும் மருந்து. ஒரு நோயை வென்றவர் கையிலிருந்த அளவுகோலைக் கொண்டு வேறொரு நோயை அளக்கப் புகுந்ததுதான் அங்கு நேர்ந்த பிழை.

மூளை என்பது மண்டையோட்டுக்குள் நீர்மம் சூழ அமைந்த மென்மையான உறுப்பு. விரைந்து செல்லும் உடல் சட்டென நிறுத்தப்பட்டாலோ, தலை வேகமாகத் திருப்பப்பட்டாலோ, மூளை உள்ளே அசைந்து முறுக்குண்ணும். நரம்பணுக்களின் பணி அதனால் குலைகின்றது. தலைநோவு, குமட்டல், தலைசுற்றல், வெளிச்சம் கண்டால் கூச்சம், நினைவுத் தடுமாற்றம், உறக்கக் கேடு, காரணமில்லாச் சினம் முதலியன தோன்றும். மூளையதிர்ச்சிக்கு உள்ளாகும் எல்லாரும் உணர்விழந்து விழுவதில்லை. வழக்கமாக எடுக்கும் படங்களில் பெரும்பாலும் ஒன்றும் புலப்படுவதில்லை. தலைக்கவசம் மண்டையோடு பிளவாமல் காக்கும். உள்ளே மூளை அசைவதை அது தடுத்துவிடாது. முதல் அடி முற்றும் ஆறும் முன்னர் மீண்டும் அடிபட்டால் தீங்கு பன்மடங்காகலாம்.

முழங்கால் முறிந்தவனுக்கு ஊர் வழிவிடும். அவன் கையிலுள்ள ஊன்றுகோல் அவனுக்காகப் பேசும். மூளை கலங்கியவனுக்குக் கட்டு இல்லை, தழும்பு இல்லை, ஊன்றுகோல் இல்லை. அவன் கடைத்தெருவில் நடந்து போனால், ஆடத் தெரிந்தவன் ஆட மறுக்கின்றான் என்றே காண்போர் நினைப்பர். கண்ணால் காணாத நோவை நம்புவதற்குக் கற்பனையும் இரக்கமும் வேண்டும். போட்டியின் சூட்டில் அவ்விரண்டும் முதலில் ஆவியாகிப் போகின்றன.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அடிக்கடி அடிபடும் ஆட்டக்காரரை மக்கள் 'காயத்துக்கென்றே பிறந்தவர்' என்று முத்திரை குத்திவிடுகின்றனர். அச்சொல், அவருக்கு நேர்ந்ததை அவரது இயல்பாக மாற்றிவிடுகின்றது. மோதியவர் மறைந்துபோகின்றார், மோத இடங்கொடுத்த விதி மறைந்துபோகின்றது, ஆறும் முன் ஆடவிட்டவரும் மறைந்துபோகின்றார். எஞ்சுவது அடிபட்டவரின் உடம்பு மட்டுமே. குற்றம் முழுவதும் அதன்மீது ஏற்றப்படுகின்றது. லின்ட்ரோஸ் தலையைக் குனிந்தபடி வட்டைக் கொண்டுவருவார் என்பதும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அஃது உண்மைதான். சிறு வயது முதலே உடன் ஆடிய பிள்ளைகளைக் காட்டிலும் பெரியவராய் வளர்ந்தவர்க்கு நிமிர்ந்து பார்த்து ஒதுங்கும் தேவை நேராதிருந்திருக்கலாம். அவரது வலிமையே அவரது நோவுக்கு வழி திறந்தது என்று சொன்னாலும் பொருந்தும். வலி என்னும் சொல் இங்கே தன் இரு முகங்களையும் ஒருங்கே காட்டுகின்றது.

2000 மே மாதம் அவ்வாதத்துக்கு ஒரு முடிவு வந்தது. நியூ ஜெர்சி டெவில்ஸ் குழுவுடனான ஏழு ஆட்டத் தொடரில் பிளையர்ஸ் 3-1 என்று முன்னணியில் இருந்து, பின்னர்ச் சறுக்கத் தொடங்கியது. இரண்டு மாதங்களுக்கு மேலாக ஆடாதிருந்த லின்ட்ரோஸ் ஆறாம் ஆட்டத்தில் களமிறங்கினார், குழுவின் ஒரே கோலை அவரே போட்டார், குழு தோற்றது. மே 26ஆம் நாள் பிலடெல்பியாவில் ஏழாம் ஆட்டம். முதற் பகுதியிலேயே, தலை குனிந்து வட்டோடு விரைந்து வந்த அவரை நியூ ஜெர்சியின் தலைவர் ஸ்காட் ஸ்டீவன்ஸ் தோளால் மோதினார். லின்ட்ரோஸ் பனித்தரையில் சாய்ந்தார். அன்றைய விதிப்படி அம்மோதல் குற்றமாகாது. தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. 27 மாதக் காலத்தில் அவருக்கு நேர்ந்த ஆறாவது மூளையதிர்ச்சி என்று அதனை எண்ணினர். பிளையர்ஸ் 2-1 என்று தோற்று வெளியேறியது.

அவர் வந்தால் வெல்லலாம் என்று வேண்டியவர்களும், அவர் வரத் துணிவாரா என்று ஏளனம் செய்தவர்களும் அன்று ஒரே அரங்கில் அமர்ந்திருந்தனர். வாதத்தில் வென்றவர் எவரும் அங்கில்லை. அதன்பின் அவர் பிளையர்ஸ் குழுவுக்காக லீக் ஆட்டம் எதிலும் ஆடவில்லை. ஒரு பருவம் முழுவதும் ஆடாதிருந்தார். 2001 ஆகஸ்டு மாதம், முன்பு அவருக்காக வழக்காடிய நியூயார்க் ரேஞ்சர்ஸ் குழுவுக்கே அவர் அனுப்பப்பட்டார்.

அனுப்பியது சரியா, தவறா? மக்கள் விரும்பிய கேள்வி இதுவே. நியூயார்க்கில் முதற் பருவத்தில் 72 ஆட்டங்களில் 73 புள்ளிகள் சேர்த்தார். ஆகவே அவர் கதை முடிந்தது என்றவர்கள் பிழைபட்டனர். அதன்பின் அவரது ஆட்டம் படிப்படியாகத் தளர்ந்தது. டொரான்டோவிலும் டல்லாஸிலும் ஆடி, 2007 நவம்பரில் 34ஆம் வயதில் விடைபெற்றார். ஆகவே காத்திருந்தால் பழைய லின்ட்ரோஸ் மீள்வார் என்றவர்களும் பிழைபட்டனர். எதிர்காலத்தைப் பற்றி உறுதியோடு பேசிய இரு சாராரையும் எதிர்காலம் மதிக்கவில்லை. அவரது தம்பி பிரெட் லின்ட்ரோஸும் லீக்கில் ஆடியவரே. மூளையதிர்ச்சிகளின் காரணமாக 1996ஆம் ஆண்டில் 20 வயதிலேயே அவர் ஆட்டத்தைக் கைவிட்டார் என்பது, அக்குடும்பம் தலைநோவை ஏன் அவ்வளவு அஞ்சியது என்பதை விளக்கும். அன்று மோதிய ஸ்காட் ஸ்டீவன்ஸின் ஆட்ட வாழ்வும் 2004ஆம் ஆண்டில் மூளையதிர்ச்சியாலேயே முற்றுப்பெற்றது. நெஞ்சுரத்துக்கு எடுத்துக்காட்டாக நின்ற அவரை எவரும் கோழை என்று சொன்னதில்லை. மூளைக்கு வீரனும் கோழையும் ஒன்றே.

இதற்கு எதிரான காட்சி ஒன்றும் உண்டு. பிட்ஸ்பர்க் குழுவின் சிட்னி கிராஸ்பி 2011 ஜனவரி முதல் நாளும் ஐந்தாம் நாளும் தலையில் அடிபட்டார். அப்போது அவருக்கு வயது 23. நவம்பர் 21ஆம் நாள்தான் அவர் திரும்பினார். எட்டு ஆட்டங்களுக்குப் பின் நோவு மீண்டும் தோன்றவே, விலகி, 2012 மார்ச்சில் மறுபடியும் வந்தார். அவரது ஆட்ட வாழ்வு முடிந்துவிட்டதோ என்ற அச்சம் அங்கும் பரவியது. குழு காத்திருந்தது, 2012ஆம் ஆண்டில் அவரோடு 12 ஆண்டு ஒப்பந்தமும் செய்தது. 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அவர் தலைமையில் பிட்ஸ்பர்க் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. இதனால் காத்திருந்தவரெல்லாம் வெல்வர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிண்ணம் கிடைக்காமலே போயிருப்பினும் அக்காத்திருப்பு சரியானதே. ஓர் இளைஞரின் மூளையை ஆறவிடுவதற்கு வெற்றி என்னும் சான்று தேவையில்லை. இரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட பத்தாண்டில் உலகம் சிறிது கற்றிருந்தது. 2010ஆம் ஆண்டில், பக்கவாட்டிலிருந்தும் பார்வை படாத இடத்திலிருந்தும் வந்து தலையைத் தாக்குவதை லீக் தடை செய்தது. அந்த அறிவு, முன்னவர்கள் பட்ட அடியால் விளைந்தது.

லின்ட்ரோஸ் விடைபெற்ற நாளில், தாம் பிறந்த நகரின் மருத்துவ மையத்துக்கு 50 இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார். 2016ஆம் ஆண்டில் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 760 ஆட்டங்களில் 865 புள்ளிகள் சேர்த்த ஒருவருக்கு அப்பெருமை காலந்தாழ்ந்தே வந்தது. 2018 ஜனவரி 18ஆம் நாள் பிலடெல்பியா அரங்கில் அவரது 88ஆம் எண் உடை மேலே ஏற்றப்பட்டது. இனி அக்குழுவில் அவ்வெண்ணை வேறெவரும் அணியார். அவரை ஏற்றிப் பேசியதும் தூற்றிப் பேசியதும் ஆகிய அந்நகரமே அன்று எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. இரைச்சல் அடங்கிய பின்னரே நகரத்துக்குத் தன் மனம் கேட்டது போலும்.

இவ்வரலாற்றின் முடிவு பெரிய அரங்கில் இல்லை. பள்ளித் திடலில் இருக்கின்றது. 2013ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் ரோவன் ஸ்டிரிங்கர் என்னும் 17 வயது மாணவி, பள்ளி ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தாள். அதற்கு முந்தைய சில நாள்களுக்குள்ளேயே அவள் தலையில் அடிபட்டிருந்தாள். அது ஆறும் முன் மீண்டும் ஆடினாள். அவளுக்கு மூளையதிர்ச்சி நேர்ந்திருக்கலாம் என்பதைச் சுற்றியிருந்த பெரியவர்கள் உணரவில்லை. அவளைப் பற்றி வானொலியில் வாதம் நடக்கவில்லை. அவளுக்கு விலை பேசியவர் இல்லை. தன் குழுவைக் கைவிடக் கூடாது என்னும் எண்ணம் மட்டும் எல்லா இளையோர்க்கும் பொதுவானது. அதற்குச் சம்பளமும் புகழும் வேண்டுவதில்லை.

அவளது மறைவுக்குப் பின் ஒன்டாரியோ சட்டமன்றம் 2018ஆம் ஆண்டில் அவள் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றியது. மூளையதிர்ச்சி நேர்ந்ததோ என்ற ஐயம் எழுந்த உடனே ஆட்டக்காரரைத் திடலைவிட்டு நீக்க வேண்டும். உரிய படிகளைக் கடந்த பின்னரே மீண்டும் ஆடவிட வேண்டும். ஆடுவோரும் பெற்றோரும் பயிற்றுநரும் ஆண்டுதோறும் அதனைப் பற்றிய செய்திகளைப் படித்தறிய வேண்டும் என்பன அதன் சாரம். அச்சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் எரிக் லின்ட்ரோஸும் ஒருவர். தம் நோவை ஊர் நம்பவில்லை என்பதை அறிந்த மனிதர், ஊரறியாத பிள்ளைகளின் நோவை நம்பச் செய்வதற்கு முன்வந்து நின்றார். அவர் தூக்காத கிண்ணத்தைவிட இது சிறியதன்று.

பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி நெருங்கும் நாள்களில் இச்செய்தியை ஆசிரியர் எண்ணிப் பார்த்தல் நலம். மாவட்டப் போட்டிக்கு முதல் நாள், பள்ளியின் சிறந்த ஓட்டக்காரன் நொண்டிக்கொண்டே வந்து, ஒன்றுமில்லை ஐயா என்பான். பயிற்சியில் தலை மோதிய மாணவி, சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பாள். அவர்கள் பொய்யர் அல்லர். பள்ளியின் பெயரைக் காக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் ஆசிரியர்களே. அவ்வாறு கற்பித்தவரே, இன்று நீ ஆட வேண்டா என்று சொல்லும் துணிவையும் பெற்றிருத்தல் வேண்டும். நோயுற்றதாகச் சொல்லும் பிள்ளையை நோஞ்சான் என்றும் சாக்குச் சொல்பவன் என்றும் அழைக்குமுன், அப்பெயர் அப்பிள்ளையோடு எத்தனை ஆண்டு நடக்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கேடயம் இவ்வாண்டு போனால் அடுத்த ஆண்டு வரும். அலமாரியில் அதற்கு இடம் காத்திருக்கும்.

ஒருவனுடைய ஆற்றலை அறிவதற்குக் கண் போதும். அவனுடைய நோவை அறிவதற்கு அவன் சொல்வதைக் கேட்கும் செவி வேண்டும். அவன் சொல்லாததையும் கேட்கும் நெஞ்சம் வேண்டும். இரண்டையும் அறிந்து, உரிய காலம் வரும்வரை பொறுத்திருப்பவரே வலியறிந்தவர்.